கூரையைப் பார்த்துப் போட்ட கோடு

பழைய வீடு ஒன்றை இரண்டு குடும்பங்களுக்காகப் பிரிப்பது என்று முடிவானதும், பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது அளவு நாடாவைத்தான். மொத்தச் சதுர அடி எவ்வளவு, அதில் பாதி எங்கே விழுகிறது, அந்த இடத்தில் எத்தனை அங்குலச் சுவர் எழுப்ப வேண்டும் என்று பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கல்குளம் தாலுகாவில், தக்கலைக்குச் சற்று மேற்கே உள்ள எங்கள் குடும்ப வீட்டை அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்குமாக இரண்டு தனி வீடுகளாக்கி முடித்த பிறகு, அந்த நாடாவைக் கடைசியில் எடுப்பதே முறை என்பது என் கருத்தாக உறுதிப்பட்டிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கூரை, அடுத்தது தண்ணீர், அதன் பிறகு பத்திரம். இதே வேலையை எதிர்நோக்கியிருக்கும் உறவினர்கள் சிலர் தொடர்ந்து கேட்பதால், நாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதி வைக்கிறேன்.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். வடக்குப் பகுதிதான் மூல வீடு. அதன் உத்தரத்தில் கொல்லம் ஆண்டு 1104 என்று செதுக்கியிருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் அது 1928-29 ஆகும். நெல்லும் பொருளும் வைக்கும் உள்ளறையான அரங்கும் அதன் இருபுறமும் அறைகளும், அயனி என்னும் காட்டுப்பலா மரத்தின் பலகையால் தட்டு அடித்த மேல்தளமும், நான்கு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரையும் கொண்ட கட்டு அது. தெற்குப் பகுதி எங்கள் தாத்தா பின்னாளில் சேர்த்தது. அதற்குத் தனி முகடு உண்டு. ஆனால் அதன் வடக்குச் சரிவு மூல வீட்டின் தெற்குச் சரிவோடு வந்து சேர்ந்து, இரண்டுக்கும் நடுவில் தகரம் பதித்த நீண்ட பள்ளமாக முடிந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே, இரு கட்டுகளுக்கும் இடையில், ஏறக்குறைய ஆறடி அகலத்தில் ஓர் இடைவழி கிடந்தது. உரலும் ஆட்டுக்கல்லும் நெல் அவிக்கும் குட்டுவமும் அங்கேதான் இருந்தன. முன்னால் வாயில் திண்ணைக் கட்டான படிப்புரையும், மேற்கே கிணறும், அதற்கப்பால் புறவாசலும் இரு கட்டுகளுக்கும் பொதுவாக இருந்தன.

ஓடுகளைப் பற்றி இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூரையைப் பிரித்தபோது கிடைத்த சில ஓடுகளின் அடியில் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருந்தன. வீடு 1865இல் கட்டியது என்று சொந்தக்காரர் ஒருவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. வீட்டின் வயதை அறிய உத்தரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சதுர அடிக் கணக்கில் சரிபாதியாகப் பிரிப்பதென்றால் கோடு மூல வீட்டின் தெற்கு அறைக்கு நடுவே போக வேண்டியிருந்தது. உறவினர் சிலர் அதையே வற்புறுத்தினர். பாதி என்றால் பாதிதான், பிறகு பேச்சுக்கு இடமிருக்காது என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தச் சுவர் எழும்பினால் ஒரே கூரையின் கீழே இரண்டு உடைமைகள் வந்துவிடும். ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோல் ஒன்று செல்லரித்தால் அதை யார் மாற்றுவது? ஒருவர் ஓட்டைக் கழற்றினால் மற்றவர் அறையில் மழை இறங்கும். பாறசாலையில் எங்கள் உறவு வீடு ஒன்றை இப்படித்தான் பிரித்தார்கள். நடுச்சுவரைத் தட்டு மட்டத்தில் நிறுத்திவிட்டதால், தட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் உள்ள வெளி இரண்டு வீட்டுக்கும் பொதுவாகவே இருந்தது. ஒரு வீட்டு அடுக்களைப் புகை மற்ற வீட்டு அறையில் இறங்கியது. ஒரு பக்கம் மெல்லப் பேசியது மறுபக்கம் தெளிவாகக் கேட்டது. மரநாய் எனப்படும் மரப்பட்டி அங்கே குடியேறியபோது அதை எந்த வீட்டிலிருந்து விரட்டுவது என்பதே வழக்காகிவிட்டது. நடுச்சுவர் எழுப்பியே ஆக வேண்டிய வீடுகளில் அதை ஓட்டின் அடிப்பகுதி வரை கொண்டுபோய் முட்ட வைப்பது முதல் விதி என்று நான் சொல்வது அதைப் பார்த்த பிறகுதான்.

எங்கள் வீட்டு வேலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கும் ஆசாரி, நாடாவை நீட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "கூரையப் பாத்துல்லா கோடு போடணும், தரையப் பாத்தா போடுவாவ?" என்று கேட்டார். அவர் காட்டிய கோடு இடைவழிதான். தெற்குக் கட்டின் வடக்குச் சரிவை இடைவழிக்கு மேல் நீளவிடாமல், அதன் சொந்தச் சுவருக்குச் சற்று வெளியே நறுக்கி நிறுத்திவிட்டால், பள்ளமும் போய்விடும், இரண்டு கட்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கும். கழுக்கோல்கள் தெற்குக் கட்டின் வடக்குச் சுவர்மேல் கிடந்த உத்தரத்தில் ஏற்கெனவே தாங்கியிருந்தபடியால், அதற்கு அப்பால் நீண்ட பகுதியை வெட்டுவதால் கூரையின் பலம் குறையாது என்று பொறியாளரும் பார்த்துச் சொன்னார். இரு சுவர்களும் ஏற்கெனவே நிற்பதால் புதிதாக ஒரு நடுச்சுவரே தேவைப்படவில்லை. வடக்கே உள்ள மூல வீடு அண்ணனுக்கும் தெற்குக் கட்டு எங்களுக்குமாக ஆனது. எந்தப் பழைய வீட்டிலும் இப்படி ஒரு கோடு தயாராகக் கிடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிக் கட்டிச் சேர்த்து வளர்ந்த நம் பகுதி வீடுகளில், எந்தக் கட்டு எப்போது சேர்ந்தது என்று தேடினால் பெரும்பாலும் அந்த மூட்டுவாயிலேயே பிரிக்க வழி இருக்கும்.

ஆசாரியின் காரணம் பொறியாளரின் காரணத்திலிருந்து வேறாக இருந்தது. தச்சுக் கணக்கில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சுற்றளவு உண்டு. 24 விரல் கொண்ட கோல், அதாவது ஏறக்குறைய 72 சென்டிமீட்டர், அதற்கு அளவு. சுற்றளவைக் கோலில் எடுத்து மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதிதான் யோனி. அது ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மூல வீட்டை நடுவே அறுத்தால் அதன் சுற்றளவு கெட்டு, கணக்கு தப்பிவிடும் என்பது அவர் கவலை. எனக்கு அந்தக் கணக்கில் பற்றும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் ஒரு கட்டை முழுமையான ஒன்றாகக் கருதி, அதை அறுக்காமல் பக்கத்தில் இடைவெளி விட்டு அடுத்ததை நிறுத்த வேண்டும் என்று அந்த முறை வற்புறுத்துவதில் கட்டடத்துக்கு நல்லது இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை. தொண்ணூறு வயதுச் சுவரும் நேற்றைய சுவரும் ஒரே அளவில் மண்ணில் அமர்வதில்லை. அவற்றைப் பல்லிணைத்துக் கட்டினால் அந்த இணைப்பில்தான் முதல் வெடிப்பு விழுகிறது.

இடைவழியைத் திறந்த வெளியாக்கியதால் கிடைத்த இன்னொரு பயன் வெளிச்சம். பெரிய வீட்டைப் பிரிக்கும்போது பலரும் கவனிக்கத் தவறுவது, நடுவில் இருக்கும் அறைகள் சன்னலை இழந்து இருண்டுபோவதைத்தான். முன்பு ஒரு பக்கத்து அறைக்கு மறுபக்கத்து அறை வழியாகக் காற்று வந்திருக்கும். நடுவில் அடைப்பு வந்ததும் அது நின்றுவிடும். எங்கள் வீட்டில் அரங்குக்குத் தெற்கே உள்ள அறை எப்போதும் பகலிலேயே விளக்குப் போடும் அறையாக இருந்தது. இப்போது இடைவழியைப் பார்த்த சன்னல் அதற்கு வந்துவிட்டது. எதிர்ச்சுவரில் எங்கள் சன்னல் அதற்கு நேராக வராமல், கையளவு தள்ளி மட்டமும் உயர்த்தி வைத்தோம். மைனி, அதாவது அண்ணன் மனைவி, கேட்டுக்கொண்டது அது, சரியாகவே கேட்டார்.

அடுத்து தண்ணீர். எங்கள் பக்கத்தில் மழை வருடத்துக்கு இரண்டு முறை கணக்குக் கேட்கும்; இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஒரு முறை, துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழை மறுமுறை. கூரையைத் திறக்கும் வேலைக்குத் தையில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிக்கும் காலம்தான் வாய்ப்பு, அதற்கிடையிலும் கோடை மழை ஒன்றிரண்டு நாள் தார்ப்பாயைத் தேட வைத்தது. முன்பு நடுப்பள்ளத்தில் விழுந்த இரு சரிவுகளின் நீரும் இப்போது இடைவழியில் விழுகிறது. கூரை விளிம்புகளான இரு இறவாரங்களிலும் மழைநீர் ஓடும் பாத்தி கட்டி, நீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கி, இடைவழித் தரைக்குக் கிழக்கு நோக்கி வாட்டம் கொடுத்து, படிப்புரைக்கு வெளியே உள்ள ஓடையில் சேர்த்தோம். கிணற்றுப் பக்கம் வாட்டம் கொடுப்பது எளிதாக இருந்திருக்கும். ஆனால் இடைவழியின் அழுக்கு நீர் கிணற்றருகே போய்த் தேங்கக் கூடாது என்பதால் அதைத் தவிர்த்தோம்.

கிணறு பொதுவாகவே இருக்கிறது. பங்கிடும் பேச்சு தொடங்கிய நாளிலேயே அம்மா, "மக்களே, கூரைய ரெண்டாக்கினாலும் கெணறு ஒண்ணுதாம், அதுல யாரும் கோடு போடப்பிடாது" என்று சொல்லிவிட்டார். அம்மாவின் சொல்லுக்காக மட்டுமில்லை, கோடையிலும் வற்றாத கிணற்றை ஒருவர் பங்கில் தள்ளுவது நியாயமும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனிக் குழாய், மொட்டைமாடி இல்லாததால் தனித்தனி இரும்புத் தாங்கிமேல் தொட்டி என்று வைத்தோம். தூர்வாரும் செலவு பாதிப் பாதி. கழிவுநீர்த் தொட்டியை மட்டும் பொதுவாக வைக்கலாம் என்று வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. நிரம்பும்போது யார் வீட்டுப் புழக்கம் அதிகம் என்ற கேள்வி எழாத பொதுத் தொட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. மனையில் அந்தத் தூரம் கிடைக்கும் இடங்கள் குறைவு. அதனால் கழிப்பறைகளை எங்கே வைப்பது என்பதை அறைகளின் வசதி தீர்மானிக்கவில்லை. அந்தத் தூரம்தான் தீர்மானித்தது. அண்ணன் வீட்டுக் கழிப்பறை வடகிழக்கில் அமைந்தது இதனால்தான். வாஸ்து பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள். கிணற்று நீரைக் குடிப்பவர்கள் சுளிக்கவில்லை.

சுவர் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூல வீட்டுச் சுவர்கள் மண் சாந்தில் கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னபோது நாங்கள் உடன்படவில்லை. அத்தகைய சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே சிமெண்ட் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று, சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். தெற்கு வீட்டுக்கு முன்பக்கம் புதிய வாசல் திறக்க வேண்டியிருந்தது. முட்டுக் கொடுத்து மேல்பாரத்தைத் தாங்கிய பிறகே சுவரை இடித்து, இரு புறமும் போதிய அளவு சுவரில் பதியும்படி லிண்டல் வைத்து, அது இறுகிய பிறகுதான் கதவுநிலையை வைத்தோம். அந்த நிலையும் கதவும் இடைவழியில் இருந்த பழைய அயனிக் கதவுதான். இழைத்து எண்ணெய் பூசியதும் புதியது தோற்கும்படி ஆகிவிட்டது.

எங்கள் பங்குக்கு அடுக்களை இல்லை. பழைய அடுக்களை மூல வீட்டோடு போய்விட்டதால், மேற்கே சாய்ப்பு இறக்கிப் புதிதாக ஒன்று கட்டினோம். தனி அடுக்களை என்பது வசதிக்காக மட்டும் அல்ல. ரேஷன் அட்டையைத் தனியாகப் பிரிக்கவும், ஒரே மனையில் இரண்டாவது மின் இணைப்பு வாங்கவும், அங்கே உண்மையிலேயே இரண்டு குடித்தனங்கள் இருப்பதைக் காட்ட வேண்டும். மின் இணைப்பைப் பொறுத்தவரை, இரண்டு பகுதிகளும் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது மின்வாரிய விதி. நடுவில் ஒரு கதவை வைத்துக்கொண்டு இரண்டு வீடு என்று சொல்ல முடியாது. திறந்த இடைவழி எங்களுக்கு அந்த இடத்திலும் கைகொடுத்தது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணமில்லை. அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுகின்றன.

மின்சார வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய வீட்டில் மரச்சட்டத்துக்குள் ஓடும் கம்பிகளை அப்படியே இரண்டாகப் பிரித்து இரு மீட்டர்களில் இணைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. ஒரு வீட்டு விளக்கின் நியூட்ரல் மறு வீட்டு நியூட்ரலோடு எங்கோ சேர்ந்திருக்கும். அப்படியிருந்தால் கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும். பொறுமை இழந்து அதைக் கழற்றி வைத்துவிட்டு வாழும் வீடுகள் எனக்குத் தெரியும், அது நனைந்த சுவர்கள் நிறைந்த நம் ஊரில் மிக ஆபத்தானது. இரு வீட்டுக்கும் முழுதாகப் புதுக் கம்பி, தனித்தனி எர்த் என்று போட்டோம். செலவு கூடியது, குறைத்திருக்கக் கூடிய செலவாக அது எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் நாடாவை எடுத்தோம். வடக்கு வீடு ஏறக்குறைய 1,140 சதுர அடி, தெற்கு வீடு புதுச் சாய்ப்பைச் சேர்க்காமல் 860 சதுர அடி வந்தது. கோடு கூரையைப் பார்த்துப் போட்டதால் வந்த இந்த வித்தியாசத்தைச் செங்கல்லால் சரிசெய்ய முயலவில்லை. புறவாசல் நிலத்தில் எங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தும், புது அடுக்களைச் செலவைப் பொதுப் பணத்தில் எடுத்தும் சரிக்கட்டினோம். என் பார்வையில் இதுவே பிரிவினையின் மையமான இடம். சமம் என்பதைச் சுவரில் தேடினால் வீடு கெடுகிறது. பணத்திலும் மண்ணிலும் தேடினால் வீடு தப்பிக்கிறது.

பத்திரம் எழுதும் முன் அக்காவிடம் பேசினோம். அக்கா நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்துப் போனவர். அப்பா உயில் எழுதாமல் காலமானதால் அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் சம பங்கு உண்டு. பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாகிவிட்டது என்ற பழைய பேச்சு சட்டத்தின் முன் நிற்காது, நிற்கவும் கூடாது. அக்கா சாலையோரத்துத் தென்னந்தோப்பை எடுத்துக்கொண்டார். எல்லோரும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்தோம். வெள்ளைத்தாளில் எழுதிப் பெரியவர்கள் முன் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அசையாச் சொத்தைப் பிரிக்கும் ஆவணம் பதிவாகவில்லையென்றால், பங்கை நிரூபிக்க அது நீதிமன்றத்தில் உதவாது. குடும்பத்தினருக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். மூல ஆவணம் திருவிதாங்கூர்க் காலத்து மலையாளப் பிரமாணம், அதாவது பத்திரம், என்பதால் அதைப் படித்துச் சொல்ல ஆளைத் தேட வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டாலும், பழைய ஆவணங்கள் எழுதப்பட்ட மொழியிலேயே இருக்கின்றன.

பத்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது பங்குகளின் விவரம் அல்ல, பொது அனுபவத்தில் விட்டவற்றின் பட்டியல்தான். கிணறு, அதற்குப் போகும் நடைவழி, இடைவழி, அதன் ஓடை, படிப்புரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் யார் எந்த வகையில் பயன்படுத்தலாம், பழுதானால் செலவு எப்படி, இடைவழிக்கு மேல் யாரும் கூரை போடக் கூடாது என்பதுவரை எழுதச் சொன்னோம். எழுத்தர் இதெல்லாம் அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று சலித்துக்கொண்டார். பிரிவினையின்போது அவசியமான வழி, நீர் உரிமைகள் தாமாகவே தொடரும் என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் எது அவசியம் என்பதை நிரூபிக்க வேண்டிய நாள் வந்தால், அன்று நீதிமன்றத்தில் நிற்பவர்கள் அண்ணனும் தம்பியுமாக இருக்க மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளாகவோ, அவர்களிடம் வாங்கிய வேற்று ஆளாகவோ இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதினோம்.

அம்மா அண்ணனோடும் சித்தி எங்களோடும் இருக்கிறார்கள். இரு வீட்டுக்கும் இடைவழியில் எதிரெதிரே சிறு கதவு உண்டு. முன்வாசலைப் பெரும்பாலும் விருந்தினர்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டா உட்பிரிவாகி வந்துவிட்டது, வீட்டு வரியும் இரண்டு பெயரில் வருகிறது. படிப்புரையின் கூரைப் பட்டியல் சட்டங்களில் மேற்கு வரிசை செல்லரித்திருப்பதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். பத்திரப்படி செலவு பாதிப் பாதி. தேக்கு வாங்குவதா, பிரித்த இடைவழிக் கூரையில் மிஞ்சிய அயனியை அறுத்துப் பயன்படுத்துவதா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் கருத்து ஒத்துவரவில்லை. துலா மழை ஓய்ந்ததும் முடிவு செய்ய வேண்டும்.